ஆளுக்கு ஏழு புழு

நான் என்ன படித்தேன் என்று யாராவது கேட்டால் என் அப்பா சொல்லும் பதில் ஒன்று உண்டு. "எண்ணப் படிச்சிருக்கான். நாலு வருசம்." கேட்டவர் சிரிப்பார். அப்பா சிரிக்க மாட்டார். நாலு வருசம் உட்கார்ந்து ஒருவன் எண்ணக் கற்றுக்கொண்டான் என்றால் அது ஏதோ பெரிய எண்ணிக்கையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் நம்புகிறார். நான் எண்ணியது மண்புழு என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. சிறு பிராணிகள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் முயல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்பா சொல்வது பொய்யுமில்லை. சூழலியல் படித்தவனின் பிழைப்பில் பாதி எண்ணுவதுதான். ஓர் உயிரினம் ஓரிடத்தில் எத்தனை இருக்கிறது, போன வருடத்தைவிடக் கூடியிருக்கிறதா, எங்கே நெருக்கமாக வாழ்கிறது, எங்கே அறவே இல்லை. எல்லாவற்றையும் எண்ணி முடிக்க யாராலும் ஆகாது. ஆகவே கொஞ்சத்தை ஒழுங்காக எண்ணி, மிச்சத்தை அதிலிருந்து மதிப்பிடுகிறோம். அந்த 'ஒழுங்காக' என்ற இடத்தில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

அப்போது பதுளையில் ஒரு பேராசிரியையிடம் உதவியாளனாக இருந்தேன். ஒப்பந்த வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் புதுப்பிக்க வேண்டும். மேடம் சிங்களம் பேசுபவர். நாங்கள் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். தமிழில் அவர் கொஞ்சம் சாந்தமாகத் தெரிகிறார்.

களைக்கு மருந்தடிக்கும் தேயிலை மலையில் மண்புழு எத்தனை, கையால் புல் வெட்டும் மலையில் எத்தனை என்று பார்ப்பது ஆய்வு. நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில் இரண்டும் அடுத்தடுத்துக் கிடைத்தன. மேட்டு மலையில் சரிவு அதிகம் என்பதால் பல வருடமாகக் கையால்தான் புல் வெட்டுகிறார்கள். அதை ஒட்டிக் கீழே பள்ளத்து மலை, அங்கே மருந்து. பள்ளத்து மலைக்கும் கீழே ஒரு லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். லயத்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் குடிக்க, குளிக்க, துவைக்க ஒரே பீலி. மலையிலிருந்து வரும் ஊற்றைக் குழாய் வைத்து விட்டிருக்கும் அந்தப் பீலிக்கு நேர் மேலேதான் மருந்தடிக்கிற தேயிலை.

தோட்டத்துத் துரை, அதாவது மேனேஜர், இளம் ஆள், பேசினால் காதுகொடுக்கிறவர். என் முன்னாலேயே மேடத்திடம் சொன்னார்: "லயத்து ஆட்கள் தண்ணீரைப் பற்றி ஓயாமல் முறையிடுகிறார்கள். எனக்கு மேலே இருப்பவர்களிடம் காட்ட ஏதாவது வேண்டும். அந்த மண்ணில் வித்தியாசம் இருக்கிறது என்று நீங்கள் காட்டினால், பீலிக்கு மேலே பத்து நிரை தேயிலைக்கு மருந்தை நிறுத்திவிட்டுக் கையால் வெட்டச் சொல்கிறேன்."

வெளியே வந்ததும் மேடம் என்னிடம் சொன்னார்: "வேலைக்கு வரும் பெண்களிடம் இதைச் சொல்லாதீர்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் மனிதர்கள் அதையே கண்டுபிடித்துத் தருவார்கள்." சரியான பேச்சு. மேடம் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கும். அவரிடம் வேலை செய்வதில் உள்ள சிரமமே அதுதான்.

தேவையான சாமான்கள் இரண்டு. ஒன்று, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி மரச்சட்டம். அதை மண்ணில் வைத்தால் உள்ளே அகப்படுகிற இடம்தான் நமக்கு உலகம். ஐந்து சட்டம் செய்யச் சொன்னபோது தச்சு ஆசாரி எந்தச் சாமி படத்துக்கு என்று கேட்டார். மற்றது கடுகு. கடுகுத் தூளைத் தண்ணீரில் கரைத்துச் சட்டத்துக்குள் ஊற்றினால் உடம்பு எரிந்து புழுக்கள் மேலே வரும், மண்ணைத் தோண்டிக் குலைக்க வேண்டியதில்லை. பதுளை டவுனில் ஒரு முஸ்லிம் நானா கடையில் பத்துக் கிலோ கேட்டேன்.

"பத்துக் கிலோவா? கலியாணமா மகன்?"

"இல்ல நானா. மண்புழுவுக்கு."

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்ல எடத்துச் சம்மந்தம்தான்," என்றார்.

தோட்டத்திலிருந்து ஐந்து பெண்களை நான்கு நாளைக்குக் கொடுத்தார்கள். எல்லாரும் கொழுந்தெடுப்பவர்கள். அவர்களில் மூத்தவரை மற்றவர்கள் பெரியக்கா என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். இன்னொருவர் பள்ளத்து மலைக்குக் கீழே உள்ள லயத்தில் கடைசி வீடு. அவரைக் கடைசி வீட்டு அக்கா என்றே இங்கே சொல்கிறேன்.

"தம்பி எந்தத் தோட்டம்?" என்றார் பெரியக்கா.

சொன்னேன்.

"அட, பக்கத்துத் தோட்டத்துப் புள்ளதானா? சாருன்னு கூப்புடணுமோன்னு பயந்துகிட்டு வந்தோம். என்ன வேல?"

"புழு எண்ணுறதுக்கா."

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "புழுவுக்குமா செக்ரோல் போடப் போறாங்க?" என்றார் பெரியக்கா. செக்ரோல் என்பது தோட்டத்தில் ஆள் வரவு பதியும் புத்தகம்.

செய்து காட்டினேன். சட்டத்தை வைத்து, உள்ளே இருந்த சருகை ஒதுக்கி, கடுகுத் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். ஐந்து நிமிடத்தில் முதல் புழு தலையை நீட்டியது. பிறகு இன்னொன்று. பெரியக்கா குனிந்து பார்த்தார். "எரிச்சல் தாங்காம வெளிய வருது, பாவம். மிச்சமிருந்தா ஆபிஸ் வாசல்லயும் கொஞ்சம் ஊத்துங்க. எத்தன பேரு உள்ள இருக்காங்கன்னு பாத்துருவோம்."

சட்டத்தை எங்கே வைப்பது என்பதற்கு எண்கள் அச்சடித்த ஒரு தாள் என்னிடம் இருந்தது. எத்தனையாவது நிரை, அதில் எத்தனையாவது செடி என்பதைத் தாள் சொல்லும். கடைசி வீட்டு அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "இங்கன எதுக்குத் தம்பி வைக்கிறீங்க? வெறும் கல்லு. அந்தா, நெழல் மரத்தடியில வைங்க, வேண்டிய மட்டும் கெடக்கும்."

"நல்ல எடமாப் பாத்து வச்சா நல்ல எடத்துல எத்தனன்னுதான் தெரியும்க்கா. மலையில எத்தனன்னு தெரியாது."

"அப்ப எங்க பீலிக்கு மேல வந்து வைங்க. மருந்தடிச்ச மறுநா மழ பேஞ்சா தண்ணியில நொர வருது. வீட்டுக்குப் பின்னால போஞ்சி போட்டிருந்தேன், கொடியெல்லாம் கருகிப்போச்சு. சின்னவளுக்குக் கைகாலெல்லாம் அரிப்பு. ரெண்டு வருசமா பெரட்டுல சொல்றேன். எழுதிக்கிறாங்க. எழுதிக்கிறதோட சரி."

பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அங்கே சொன்னதற்கு இரண்டு வருடமாகக் கிடைக்காத பதில் என் சட்டைப்பையில் இருந்தது. மேடம் சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை. அடுத்ததாக வாயைத் திறந்தேன் பாருங்கள், அதில்தான்.

ஆளுக்கொரு பால்மாத் தகர டின்னைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "நல்லாப் பாத்து எடுங்கக்கா. புழு கொறஞ்சா அரப் பேருதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்பது ஒரு பேர். குறித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர்தான் விழும். புழுவுக்கு அரைப் பேர் என்பது எனக்கு நல்ல பகிடியாகத் தோன்றியது. கையில் கொப்பியும் காதில் பேனாவுமாக நின்று ஒருவன் அதைச் சொன்னால், கேட்கிறவர்கள் சிரித்துவிட்டு அதை மனதில் வைத்துக்கொள்வார்கள் என்பது தோன்றவில்லை.

மேடம் சொல்லியிருந்த முறை இது: இரண்டு மலையிலும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் வெயிலும் மழையும் கணக்கைக் கெடுக்கும். நான் ஒவ்வொரு சட்டத்தின் பக்கத்திலும் நின்று, அங்கேயே எண்ணி, அங்கேயே புழுக்களைத் திரும்ப விட வேண்டும். முதல் நாள் முதல் சுற்றில் மூன்று பேர் மேட்டு மலையில், இரண்டு பேர் பள்ளத்து மலையில். நான் மேலே ஏறினேன், கீழே இறங்கினேன், மறுபடி ஏறினேன். கடுகு ஊற்றிப் புழு வரும் வரை எந்தச் சட்டத்திலும் நிற்க முடியாமல் அந்தச் சுற்றையே எழுதாமல் விட்டேன். இரண்டு அட்டைகள் காலில் ஏறியிருந்தன. மூச்சு என்னைவிட்டுப் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தது. எங்கள் அம்மா இருபத்தெட்டு வருடம் முதுகில் கூடையோடு ஏறிய மலையை விடச் சின்ன மலை அது.

இரண்டு மலைக்கும் நடுவே பாதை பிரிகிற இடத்தில் ஒரு நிழல் மரம். அதன் கீழே தோட்டத்துக் காவல்காரர் பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்தேன். இரண்டாம் சுற்றுக்கு இப்படிச் சொல்லிவிட்டேன்: "எடுத்துட்டு டின்னோட இங்க வந்துருங்கக்கா. நான் இங்கயே எண்ணிக்கிறேன். பொறகு கொண்டுபோய் அதே எடத்துல விட்டுருங்க."

அங்கிருந்து பார்த்தால் ஐந்து முதுகும் தெரிந்தது. முதுகு தெரிந்தால் அது மேற்பார்வை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கு நாளும் அந்த மரத்தடியில்தான். காவல்காரருக்கு நான் சொல்லிச் சிரிக்க வைத்த கதைகளை எண்ணியிருந்தால் அது ஒரு நல்ல தரவாக இருந்திருக்கும்.

டின்கள் வந்தன. ஏழு, எட்டு, ஏழு, ஏழு, எட்டு. அடுத்த சுற்று ஆறு, ஏழு, ஆறு, ஆறு, ஏழு. மேட்டு மலைக்கும் பள்ளத்து மலைக்கும் வித்தியாசமே இல்லை. எண்கள் படிக்கட்டு மாதிரி ஒழுங்காக அடுக்கிக்கொண்டன. நான் எழுதிய கொப்பியிலேயே அழகானது அதுதான்.

அந்த அழகைப் பார்த்தவுடன் நான் பயந்திருக்க வேண்டும். மண்ணில் எந்த உயிரும் பங்கு பிரித்துக்கொண்டு வாழ்வதில்லை. ஈரம் இருக்கிற இடத்தில் கூட்டமாகக் கிடக்கும், இரண்டு முழம் தள்ளி ஒன்றுமே இருக்காது. ஒரு சட்டத்தில் இருபது, அடுத்ததில் சைபர், அதற்கடுத்ததில் மூன்று என்று தாறுமாறாக வந்தால்தான் அது உண்மையான மண். சராசரியைப் போலவே அந்தத் தாறுமாறும் ஒரு தகவல். இதைப் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியவன் நான். ஆளுக்கு ஏழு புழு என்று வந்தபோது எனக்கு வந்தது நல்ல தூக்கம்.

நான்காம் நாள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். கடைசி வீட்டு அக்கா டின்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "நல்ல வேள தம்பி, இவுங்க இருந்தாங்க. இல்லன்னா எனக்கு நாலு நாளும் அரப் பேருதான் விழுந்திருக்கும்."

"ஏங்க்கா?"

"பள்ளத்துல எங்க தம்பி புழு? எத்தன தடவ ஊத்துனாலும் ஒன்னுமில்ல. பெரியக்காதான் அவுங்க டின்னுலருந்து அள்ளிப் போட்டாங்க."

பெரியக்கா அவர் இடுப்பில் ஓர் இடி இடித்தார். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காளா பாரு." பிறகு என்னைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க தம்பி. மேல போன எங்களுக்கு அள்ள அள்ள வந்துச்சு. கீழ போனவ என்ன செய்வா? அவளுக்கு விழுந்த எடம் அப்படி. பாதையில சந்திச்சு ஆளுக்குச் சமமா ஆக்கிட்டுத்தான் ஒங்ககிட்ட வந்தோம்," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பது எனக்கு நடப்பது மாதிரி, யோசிக்காமல் வரும்.

கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போகும் பாதையில் பெண்கள் இதைத்தான் செய்வார்கள். ஒருத்திக்கு உடம்பு சரியில்லை, ஒருத்திக்கு விழுந்த நிரையில் கொழுந்தே இல்லை என்றால், கணக்கப்பிள்ளையின் தராசுக்கு முன்னால் வரும்போது அவள் பையும் மற்றவர்கள் பையளவு இருக்கும். என் தங்கை வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு முழுப் பேர் விழுந்தது அப்படித்தான். உலகத்தில் இதைத் தெரிந்திருக்க வேண்டிய ஆய்வு உதவியாளன் ஒருவன் உண்டென்றால் அது நான்தான்.

பசறை வழியாகப் பதுளைக்கு வரும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு எல்லாரும் ஒரு பக்கமாகச் சாயச் சாய, எனக்கு விஷயம் முழுதாக விளங்கியது. பள்ளத்து மலையில் புழுவே இல்லை. பத்து நிரைக்கு வேண்டிய ஆதாரம் அந்த ஒன்றுமில்லாததுதான். நான் ஒரு பகிடியால் அதை நிரப்பிவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் மேடம் கொப்பியைப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். "மிகவும் ஒரே சீராக இருக்கிறதே," என்றார். "ஒவ்வொரு சட்டத்தின் பக்கத்திலும் நீங்கள் நின்றீர்களா?"

கடிதம் புதுப்பிக்க மூன்று வாரம் இருந்தது. மறுபடி எண்ண மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும், அதற்கான செலவை யாரிடம் கேட்பது என்பதும் இருந்தது. இதெல்லாம் நான் பிறகு சேர்த்துக்கொண்ட நியாயங்கள். அந்த நேரத்தில் மரத்தடியும் பிளேன்டீயும்தான் கண்ணுக்கு முன் வந்தன.

"நின்றேன், மேடம்."

எனக்கு மூன்று மொழி தெரியும். மூன்றிலும் வேறு பதில் சொல்லியிருக்கலாம்.

அறிக்கை போயிற்று. இந்தத் தோட்டத்து மண்ணில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. என் கடிதமும் புதுப்பிக்கப்பட்டது.

நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகும் வழியில் பசறை பஸ் நிலையத்தில் கடைசி வீட்டு அக்காவைப் பார்த்தேன். சந்தைப் பை ஒரு கையில், புது பிளாஸ்டிக் கேன் ஒரு கையில்.

"தம்பி, புழுத் தம்பி," என்று அவர்தான் கூப்பிட்டார். "நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்க்கா. கேன் எதுக்கு, கள்ளு வியாபாரமா?"

"ஆமா, தண்ணிக் கள்ளு. மேட்டு மலையில இருக்கிற மேல் பீலிக்குப் போய்த்தான் தூக்கியாறேன். காலையில ரெண்டு நட, சாயந்தரம் ரெண்டு நட. கீழ உள்ளத இனி வாயில வைக்க மாட்டேன்." பிறகு, குரலில் எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார்: "போன மாசம் பெரட்டுல மறுபடி சொன்னேன். படிச்ச ஆளுக வந்து எண்ணிப் பாத்துட்டாங்க, மண்ணுல ஒரு பழுதும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, இனிமே இந்தப் பேச்ச எடுக்காதன்னுட்டாங்க. நீங்க எண்ணுனதுதானே தம்பி?"

என்னிடம் எப்போதும் ஏதாவது ஒரு பகிடி தயாராக இருக்கும். அன்று தேடினேன், கிடைக்கவில்லை. பஸ் ஒன்று பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது, நடத்துனர் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவே சொன்னேன். துரை பத்து நிரை தருவதாகச் சொன்னது, புழு இல்லை என்றால்தான் அது கிடைத்திருக்கும் என்பது, நான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தது, கடைசி நாள் எல்லாம் தெரிந்தும் மேடத்திடம் பொய் சொன்னது.

அவர் கேனைக் கீழே வைத்தார். "அப்ப ஒன்னுமில்லங்கிறதுதான் எங்களுக்கு நல்லதா?"

"ஆமாங்க்கா."

"ஒன்னுமில்லாதது எங்கிட்ட நெறைய இருந்துச்சே தம்பி. ஒரு வார்த்த கேட்டிருந்தா அப்படியே குடுத்திருப்பேனே." பிறகு, "பெரியக்கா டின்னுலருந்து நான்தான் வாங்கிப் போட்டுக்கிட்டேன்," என்று தனக்குள் சொல்வது மாதிரிச் சொன்னார். தன் மேல் அவர் வருத்தப்பட்டதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

திங்கட்கிழமை மேடத்தின் அறைக்குப் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில், "நீங்கள் நின்றதாக நான் கையெழுத்திட்டிருக்கிறேன்," என்றார். அவ்வளவுதான். என்னை வெளியே போகச் சொல்லாமல், என் முன்னாலேயே துரைக்குக் கடிதம் எழுதினார். என் தவறு என்று அதில் இல்லை. எங்கள் தவறு என்று இருந்தது.

துரைக்கு அது பிடிக்கவில்லை. அன்று வித்தியாசம் இல்லை என்றீர்கள், இன்று சந்தேகம் என்கிறீர்கள் என்றார். ஒரு தடவைதான், மலை வேலையை மேற்பார்க்கும் தன் ஃபீல்ட் ஒஃபிஸர் பக்கத்தில் நிற்பார் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். ஆட்களாக அதே ஐந்து பேரையே அனுப்பினார்.

மழை விட்ட பிறகு போனோம். இந்தத் தடவை நாற்பது சட்டத்துக்கும் நான் முழங்காலிட்டேன். ஃபீல்ட் ஒஃபிஸர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். மேட்டு மலையில் பதினாறு, நான்கு, பதினொன்று, இருபத்திரண்டு. தாறுமாறாக, அசிங்கமாக, உண்மையாக வந்தது. பள்ளத்து மலையில் சைபர். சைபர். மறுபடி சைபர். ஒவ்வொரு சைபரையும் நான் சத்தமாகச் சொல்லி எழுதினேன். பெண்கள் டின்னைத் தங்கள் சட்டத்தை விட்டு நகர்த்தவே இல்லை. பஸ் நிலையத்தில் நான் சொன்னதைக் கடைசி வீட்டு அக்கா மற்றவர்களுக்கும் சொல்லியிருப்பார் என்று அதிலேயே தெரிந்தது.

மூன்றாம் நாள், பீலிக்கு நேர் மேலே விழுந்த ஒரு சட்டம். கடைசி வீட்டு அக்கா ஊற்றினார், நான் எதிரே குனிந்திருந்தேன். ஃபீல்ட் ஒஃபிஸர் போனில் பேசிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். சட்டத்தின் மூலையில் மண் அசைந்தது. மெலிந்த, வெளிறிய ஒரு புழு பாதி உடம்பை வெளியே இழுத்தது. அக்காவின் கை போய் அதை மூடியது. எடுத்தது. கை மறுபடி திறக்கவில்லை. மடியில் மடங்கிக் கிடந்தது.

நான் பார்த்துவிட்டேன் என்பதை அவரும் பார்த்தார்.

எனக்காக ஒரு பொய்யைக் கூசாமல் சொன்னவன் நான். அதனால் தண்ணீர் சுமப்பவர் இவர். இப்போது இவருக்காக நான் கண்ணை வேறு பக்கம் திருப்பினால் போதும், அரை நொடி வேலை. அதைச் செய்யத் தகுதியானவன் இந்த உலகத்திலேயே நான்தான் என்று தோன்றியது. செய்ய எனக்குத்தான் தகுதியே இல்லை என்றும் தோன்றியது. எது சரியென்று யோசித்து முடிவெடுத்தேன் என்று எழுத ஆசை. உண்மையில் என் கை தானாக நீண்டு, உள்ளங்கையை விரித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. புழுவை என் கையில் போட்டார்.

"என்ன, எத்தன?" என்றார் ஃபீல்ட் ஒஃபிஸர், போனை இறக்கி.

"ஒன்னு சார்."

"எழுதுங்க தம்பி," என்றார் அக்கா மெதுவாக. "இந்தத் தடவ ஒங்களுக்கு நல்லாக் கண்ணு தெரியுது."

பள்ளத்து மலையில் இருபது சட்டத்தில் மொத்தம் அந்த ஒன்றும் வேறொரு சட்டத்தில் இரண்டும்தான். மேட்டு மலையோடு வைத்துப் பார்த்தால் குருடனுக்கும் வித்தியாசம் தெரியும். மேடம் அறிக்கையைத் திருத்தி அனுப்பினார். என் கடிதத்தை மறுபடியும் புதுப்பித்தார். ஆனால் அதன் பிறகு நான் போன களங்களுக்கெல்லாம் அவரும் கூடவே வந்தார், முழங்கால் வலியோடு.

துரை பத்து நிரை என்று சொன்னவர் ஆறு நிரைக்கு மருந்தை நிறுத்தினார். மேலிடத்தில் அவ்வளவுக்குத்தான் விட்டார்களாம். அதைச் சொல்ல நானே போனேன். பீலியில் கடைசி வீட்டு அக்கா துணி அலசிக்கொண்டிருந்தார். குடிக்க இன்னும் மேல் பீலித் தண்ணீர்தான் என்றார், இரண்டு மழைக்காலம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

"ஆறா? பத்துன்னுதானே சொன்னீங்க?"

"பத்துன்னுதாங்க்கா சொன்னாரு."

அவர் ஒரு சட்டையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். "அன்னைக்கு நான் அந்த ஒன்ன மறைச்சிருந்தா பத்து கெடச்சிருக்குமா?"

"இல்லக்கா. ஒரு புழுவால ஒன்னும் மாறியிருக்காது. உண்மையாத்தான் சொல்றேன்."

"ஒன்னும் மாறாதா?"

"மாறாது."

"அப்ப அத எதுக்குத் தம்பி எழுதுனீங்க?"

இதற்குப் படித்த பதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. இப்போது நான் பாடம் எடுக்கும் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நன்றாகவே சொல்கிறேன். அந்தப் பீலியடியில், அவர் கையிலிருந்து சவர்க்கார நுரை சொட்டிக்கொண்டிருக்கும்போது, அதன் முதல் சொல்கூட வாயில் வரவில்லை. பின்னால் வாளியோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

"சரி, கொஞ்சம் தள்ளுங்க தம்பி," என்றார் அக்கா. "ஆளுக நிக்கிறாங்க."